எங்கடா மூக்கு

“இந்தப் போனத் தெறக்க என் வெரலும் வேணாம், என் மூஞ்சியும் வேணாம் மாப்ள. என் காளை வந்து மூக்க வச்சாப் போதும். டபக்குன்னு தெறந்துக்கிரும்.”

மலைச்சாமி இதைச் சொன்னபோது கார்த்திகேஷ் ஒரு போனின் வயிற்றைப் பிளந்துவைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கை ஆடவில்லை. புகை மூக்கில் ஏறாமல் ஒருபக்கமாக ஊதிவிட்டு, “மாட்டு வால வச்சாத் தெறக்காதாண்ணே?” என்றான்.

அவனியாபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பீரோவைப் படுக்கவைத்த அளவுதான் அவனுடைய செல்போன் கடை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மலைச்சாமி எதைச் சொன்னாலும் அந்தப் பெஞ்ச் நம்பும். காசில்லாமல் கிடைக்கும் பொழுதுபோக்கை யார் கெடுத்துக்கொள்வார்கள்? அவருடைய காளை வாடிவாசலை விட்டுப் பாய்ந்த வருசம், கிளம்பிய புழுதியில் ஏர்போர்ட் தெரியாமல் ஒரு விமானம் திருச்சிக்கே திரும்பிப் போனது என்பதை அவர்கள் ஏற்கெனவே நம்பியிருந்தார்கள். நம்பாதவன் கார்த்திகேஷ் ஒருவன்தான்.

“ரீசெட் அடிச்சா நிமிசத்துல தெறந்துரும்ணே. ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது. வீட்டத் தெறக்கிறேன்னு சாமானெல்லாம் எரிச்ச கதை.”

“வேணாம் மாப்ள. சாமான்தான் வேணும். போனு போனாப் போகுது.”

“நம்பரு தெரியாதா?”

“அவளுக்குத்தான் தெரியும்.”

அதைச் சொல்லும்போது மட்டும் மலைச்சாமியின் குரல் பெஞ்சுக்குக் கேட்கவில்லை. கார்த்திகேஷ் ஈயக்கோலைக் கீழே வைத்தான்.

அந்த வீட்டில் ஒரே போன். மலைச்சாமிக்குக் கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். அவர் மனைவி தங்கப்பொண்ணுவுக்கு அதே கே.கே. நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகலில் தரை துடைக்கும் வேலை. அவர் காலையில் வீடு வருவதற்குள் அவள் ஷேர் ஆட்டோ ஏறியிருப்பாள். அவள் சாயங்காலம் திரும்புவதற்குள் அவர் சைக்கிளை எடுத்திருப்பார். துப்புரவு ஆட்கள் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். அதனால் அவள் விடியற்காலையில் போனில் பேசிப் பதிவு செய்து, மாடத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவர் வந்து கேட்பார். வருசக்கணக்காக அவர்களுடைய குடித்தனம் அந்தப் போனுக்குள்தான் நடந்தது.

நம்பரை அவள் சொல்லவேயில்லை. சொன்னால் மனுசன் தூங்காமல் நாள் முழுக்க ஜல்லிக்கட்டு வீடியோ பார்ப்பான் என்று பயம். பேசி வைத்ததைக் கேட்க ரேகையாவது பதியலாம் என்றால் அதுவும் ஆகவில்லை. பினாயிலும் ஆசிட்டும் அவள் விரல்களை வழுவழுப்பாக்கியிருந்தன. அவருக்கு வாலிபத்தில் சுண்ணாம்பு அடித்த கை. இருவர் விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் போன் ஏற்கவில்லை. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, ரேகை பதியும் திரையைத் திறந்தபடியே அவள் போனைக் கையில் வைத்திருந்தாள். காளை கருப்பட்டி வந்து, போனின் முதுகில் ரேகை வைக்கும் இடத்தை மூக்கால் முட்டியது. போன் ஏற்றுக்கொண்டது. தங்கப்பொண்ணு சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் அலையடித்தது என்பது மலைச்சாமி கணக்கு. திரும்பத் திரும்ப முட்டவிட்டு முழுசாகப் பதிந்துகொண்டாள்.

“இனிமே நான் பேசி வச்சதக் கேக்கணும்னா நீ கருப்பட்டிக்கிட்டத்தான் போகணும். போறவன் தண்ணி காட்டாமயா வருவ?” என்றாள்.

அதன்பின் கருப்பட்டிக்கு ஒருநாளும் தண்ணீர் தவறவில்லை.

“அவங்களயே கேட்டு நம்பர வாங்குறது?” என்றான் கார்த்திகேஷ்.

“கேட்டேன். பேச்சு வரல. வலது கை விழுந்துருச்சு. இடது கையில வெரல விரிச்சு விரிச்சுக் காட்டுனா. ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பரு. அப்புறம் அழுதா. விட்டுட்டேன்.”

முந்தாநாள் காலை தங்கப்பொண்ணு ஆஸ்பத்திரியில், தான் துடைத்த ஈரம் காய்வதற்குள் அதே தரையில் விழுந்தாள். தூக்கி அங்கேயே ஒரு கட்டிலில் போட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் பில்லைக் கொடுத்து, கட்டியதும் கூட்டிப்போகலாம் என்றார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்குச் சலுகை கிடையாதாம். மலைச்சாமி கருப்பட்டியைத் திருவாதவூர்ப் பேச்சிமுத்துவுக்கு விற்றார். பில்லைக் கட்டி, மனைவியை அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவளோடு வேலை பார்க்கும் மரியம்மாள் லீவு போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தார். மாடத்தில் போன் இருந்தது. எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் நேரே கொட்டகைக்குப் போனார். வெறும் முளைக்குச்சியின் முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

“விழுந்த அன்னைக்குக் காலையில அவ பேசி வச்சத நான் இன்னும் கேக்கல மாப்ள. அன்னைக்கு மாத்து ஆளு வரல, டூட்டியிலயே இருந்தேன். அங்கருந்து நேரா ஆஸ்பத்திரி. கடேசியாப் பேசுனது. என்ன சொன்னான்னு தெரியணும்ல.”

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. கார்த்திகேஷ் போனைத் திருப்பிப் பார்த்தான். சார்ஜ் சிவப்பில் இருந்தது. சட்டென்று ஒயரை எடுத்துச் செருகினான்.

“ஏண்ணே, சும்மா நம்பர அடிச்சுப் பாத்தீங்களா?”

“ரெண்டு தடவ.”

“இனித் தொடாதீங்க. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இது அணையக் கூடாது. அணைஞ்சு எந்திரிச்சா ரேகைய ஏத்துக்காது, நம்பரத்தான் கேக்கும். அணையாட்டியும் மூணு நாளைக்கு ஒருக்கா நம்பரக் கேக்கும். அவங்க கடைசியா எப்பப் போட்டாங்க?”

“முந்தாநாள் விடியக்காலம்.”

“அப்ப நாளை விடியிற வரைக்கும்தான் உங்க மாட்டு மூக்குக்கு மருவாத. அதுவும் நெசமா இருந்தா.”

“நெசம்னா?”

“நெசம்னா எல்லாத்தையும் காப்பி பண்ணித் தாரேன், ஓசியா. பொய்யினா இனிமே என் கடைப் பெஞ்சுல நீங்க வாயத் தெறக்கக் கூடாது.”

“ஏப்பா, அது ரொம்பப் பெரிய தண்டனையா இருக்கே” என்றது பெஞ்ச்.

கார்த்திகேஷ் பாதி ஷட்டரை இறக்கினான். தோள்பையில் லேப்டாப்பை வைத்தான். பவர் பேங்கைச் செருகிய போனை மலைச்சாமியின் கையில் கொடுத்து, பச்சைப்பிள்ளையைப் போலப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். திருவாதவூருக்கு வண்டி ரிங் ரோட்டில் ஏறியது. ஒத்தக்கடையில் யானைமலை வெயிலில் படுத்துக்கிடந்தது. வழி முழுக்க மலைச்சாமி பேசிக்கொண்டு வந்தார். இந்த மலை முந்தி இன்னும் உயரம், கருப்பட்டி ஒரு தடவை வந்து முட்டித்தான் இப்படி ஆகிவிட்டது என்றார். கார்த்திகேஷ் ஹாரனை அடித்தான்.

பேச்சிமுத்து அவர்களைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

“வித்த மாட்டத் திருப்பிக் கேட்டு வந்திருந்தா, இப்பவே சொல்லிப்புடுறேன்ணே...”

“மாடு வேணாம்ப்பா. மூக்கு மட்டும் கொஞ்ச நேரம் வேணும்.”

பேச்சிமுத்து கார்த்திகேஷைப் பார்த்தார். கார்த்திகேஷ் வைக்கோல் படப்பைப் பார்த்தான்.

புதுக் கொட்டகை. தகரக்கூரை, சிமென்ட்டுத் தொட்டி, ஓடாத ஒரு மின்விசிறிகூட இருந்தது. கருப்பட்டி பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றது. தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது.

“நேத்து வந்ததுலருந்து தண்ணியில வாய் வைக்கலண்ணே. வைத்தியரக் கூப்புடலாமான்னு பாக்குறேன்” என்றார் பேச்சிமுத்து.

மலைச்சாமி கயிற்றைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். கார்த்திகேஷ் கையை நீட்டி, காலைப் பின்னால் வைத்து, போனின் முதுகை மூக்கில் ஒட்டினான். போன் உறுமியது. ஏற்கவில்லை. இன்னொரு தடவை. மறுபடியும் உறுமியது.

“போதும்ணே” என்றான் கார்த்திகேஷ். “இப்படியே வச்சா மொத்தமாப் பூட்டிக்கும்.”

மலைச்சாமி மூக்கைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து, வெயிலில் கிடந்த செருப்புத்தோல் போல வெடித்திருந்தது.

“தண்ணி குடிக்காததுக்கு மூக்கு எப்படி மாப்ள மூக்கா இருக்கும்?”

வாளியில் மொண்டு நீட்டினார். காளை தலையைத் திருப்பிக்கொண்டது. தவிட்டைக் கரைத்து நீட்டினார். வாளியை முட்டித் தள்ளியது. தவிட்டுத் தண்ணீர் கார்த்திகேஷின் பேன்ட் முழுக்கப் பரவியது. பேச்சிமுத்துவின் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

மலைச்சாமி தோள்துண்டை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டு, ஒரு முனையை இடுப்பில் செருகினார். தொட்டியின் மறுபக்கம் போய்க் குந்தினார். தொண்டையைக் கனைத்தார். வந்தது அவர் குரல் இல்லை. கீச்சென்று, கோபமும் கொஞ்சலும் பாதிப்பாதியாக இருந்தது.

“ஏய் கருப்பட்டி. எங்கடா மூக்கு? எங்க ராசாவுக்கு எங்கடா மூக்கு? காட்டு. ஆத்தாவுக்குக் காட்டு.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேச்சிமுத்து திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். அறுபது கடந்த மீசைக்கார மனுசன், தங்கப்பொண்ணுவைக் கேலி செய்து செய்தே பழகிய குரலில், மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார். நாலாவது அழைப்பில் அது கேலியாக இல்லை. சிரிப்பு நின்றது.

காளையின் ஒரு காது திரும்பியது. பிறகு மற்றது. சுவரை விட்டு மெல்லத் திரும்பி வந்து, தொட்டிக்கு மேலே தலையை நீட்டி, முக்காட்டை மோந்தது. தலையைத் தாழ்த்தியது. அதன்பின் அது தண்ணீர் குடித்த சத்தம் மேலூர்வரைக்கும் கேட்டிருக்கும்.

மலைச்சாமி துண்டின் நுனியால் மூக்கை ஒற்றினார். ஈரத்தை முழுக்க எடுக்கவில்லை. “இப்ப வையி.”

கார்த்திகேஷ் வைத்தான். சின்னதாக ஒரு கிளிக். பூட்டுப் படம் விலகியது. பின்னால் தங்கப்பொண்ணுவும் கருப்பட்டியும் கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்த படம் வந்தது.

அவன் வைக்கோல்மேல் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் விரித்து ஒயரைச் சொருகினான். பதிவுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கடைசிக் கோப்பு ஏறி முடிந்ததும்தான் மூச்சுவிட்டான்.

“இனி அணைஞ்சாலும் பரவாயில்ல. கேளுங்க.”

“ஏய், வந்துட்டியா” என்றது தங்கப்பொண்ணுவின் குரல். “மொதல்ல கருப்பட்டிக்குத் தண்ணி காட்டு. சட்டியில கொழம்பு இருக்கு. பெரிய மீன் துண்டு எனக்கு, தொட்டுறாத. வந்து எண்ணிப் பாப்பேன். நேத்துலருந்து வலது கை மரத்துப்போயி மதமதங்குது. சூப்பரவைசருகிட்ட லீவு கேட்டேன், ஆளில்ல, வேணும்னா மொத்தமா நின்னுக்கங்கிறான். சரி, போயிட்டு வாரேன். ஏய், ஞாயித்துக்கெழம டூட்டிய மாத்திக்க முடியுமா பாரு. ஒரு நாளாச்சும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல இருப்போம். அம்புட்டுத்தான்.”

காளை குரல் வந்த பக்கம் நடந்தது. கயிறு விறைத்தது. அதற்கு மேல் வர முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. மலைச்சாமி முக்காட்டை எடுக்க மறந்திருந்தார்.

“அப்பப்ப வந்து பாத்துக்கங்கண்ணே” என்றார் பேச்சிமுத்து. “மூக்கு எங்க போயிரப் போகுது.”

திரும்பி வரும்போது மலைச்சாமி அவன் காதருகே குனிந்தார். “சொல்லு மாப்ள, நெசந்தான்னு இப்பயாச்சும் சொல்லு.”

“ரோட்டப் பாத்து ஓட்ட விடுங்கண்ணே” என்றான் கார்த்திகேஷ்.

அன்று சாயங்காலமே பெரியாஸ்பத்திரி வார்டில், கடையில் சும்மா கிடந்த ஒரு பட்டன் போனில் பதிவுகளை ஏற்றி அவனே கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பூட்டு கிடையாது. மலைச்சாமி தங்கப்பொண்ணுவின் காதருகே வைத்து ஓடவிட்டார். தன் குரலைத் தானே கேட்டு அவள் கண்களைச் சுழற்றினாள். ‘பெரிய மீன் துண்டு எனக்கு’ வந்தபோது வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

“தொடல தாயி. சட்டியோட ஊசிப்போச்சு” என்றார் மலைச்சாமி. பிறகு பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி நடந்ததை ஆரம்பித்தார். கருப்பட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஒத்தக்கடைவரை எதிர்கொண்டு வந்தது என்றும், போனைத் தன் மூக்காலேயே வாங்கித் திறந்தது என்றும் சொன்னார்.

தங்கப்பொண்ணுவின் இடது கை போர்வைமேல் ஊர்ந்துபோய் அவளுடைய பழைய போனைத் தேடி எடுத்தது. அதன் முதுகில் ஆட்காட்டி விரலை வைத்தாள். போன் உறுமியது. விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி உறுமியது. நுனியில் ஒரு கோடு இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டி போல இருந்தது.

மரியம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் விரல்களையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி, இவரு எப்பவும் அளப்பாரு. நீயே சொல்லு. இவ வெரலுக்குத் தெறக்காத போனு, மாட்டு மூக்குக்கா தெறந்துச்சு?”

கார்த்திகேஷ் மலைச்சாமியைப் பார்க்கவில்லை. போர்வையின் மேல் விரிந்து கிடந்த கையைப் பார்த்தான்.

“தெறந்துச்சுக்கா” என்றான். “நான்தான் போனப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.”