வால் விரிந்த படம்

நெல்லித்தோப்பில் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவர் கமருஸ்ஸமான். அப்பேர்ப்பட்டவருடைய கண்ணையே நாலு பேர் சேர்ந்து நம்ப மாட்டோம் என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? போன வருஷம் ஐப்பசியில் அதுதான் நடந்தது. தவளக்குப்பத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிய தரிசு ஒன்றில் ஓர் உள்ளானைப் படமெடுத்து, 'இது ஸ்வின்ஹோ உள்ளான், நம்மில் யாரும் இதுவரை எடுக்காதது' என்று பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். யாரும் ஏற்கவில்லை.

உள்ளான் என்பது சேற்று நிறத்தில், நீள மூக்கோடு, கைக்குள் அடங்குகிற பறவை. மழைக்காலம் தொடங்கும்போது வடக்கே எங்கோ குளிர்தேசத்திலிருந்து வந்து வயலோரச் சேற்றில் பதுங்கும். அதில் ஊசிவால் உள்ளான் வருஷம் தவறாமல் வரும். ஸ்வின்ஹோ வருவது அத்தி பூத்தாற்போல. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் பெற்ற தாய்க்கே குழப்பம் வந்துவிடும். வித்தியாசமெல்லாம் வாலின் ஓரத்து இறகுகளில்தான். ஒன்றுக்கு ஊசி மாதிரி இருக்கும், மற்றதற்குக் கொஞ்சம் பட்டையாக இருக்கும். அந்த வாலையும் பறவை மூடியே வைத்திருக்கும். சோம்பல் முறிக்கும்போது கண்ணிமைக்கும் நேரம் விரித்தால் உண்டு.

குழுவில் வரும் பதிவுகளைச் சரிபார்ப்பவர் நிர்மலாதேவி. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர், கறார்ப் பேர்வழி. "வால் விரிஞ்ச படம் இல்லாம ஏத்துக்க முடியாது பாய்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் சொன்னதோடு விட்டிருந்தால் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோணாங்குப்பம் படகுத்துறையில் எல்லோரும் கூடும்போது, மற்றவர்கள் அவருக்கு 'ஸ்வின்ஹோ பாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்த்தார். உள்ளே எரிந்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான், அருள்முருகன். தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம், நகரத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. கடைக்கு விளக்கு மாட்ட வந்த இடத்தில் சுவரிலிருந்த பறவைப் படங்களைப் பார்த்து மயங்கிக் குழுவில் சேர்ந்தவர். கேமரா கிடையாது. பாய் எந்தப் படம் போட்டாலும் முதல் கைதட்டல் அவருடையதாக இருக்கும். "பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போன வருஷம் குழுவில் எழுதிய ஒரே ஆள் அவர்தான்.

இந்த வருஷம் மழை இறங்கியதும் கமருஸ்ஸமான் அதே தரிசுக்குப் போனார். உள்ளான்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்று சற்றுத் தடித்து, தலை பெருத்து, மற்றவற்றை விட்டு விலகி நின்றது. இதுதான் என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. காலைத் தொழுகை முடிந்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு தினமும் வரப்பில் குப்புறப் படுத்தார்.

"கடைய யாரு தெறப்பா? அந்த உள்ளானா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஜஹபர் நிஷா.

"ஒரே ஒரு படம் நிஷா. வால் மட்டும் விரியட்டும். அப்புறம் கேமராவ நீயே பூட்டி வச்சிக்கோ."

வால் விரியவில்லை. இருந்த படங்களை நிர்மலாதேவிக்கு அனுப்பினார். அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க பாய். ஆனா இதெல்லாம் கையில புடிச்சிப் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும். இன்னொண்ணு, எடத்த மட்டும் குழுவுல போட்றாதீங்க."

அரிய பறவை இருக்கும் இடத்தைப் பொதுவில் சொல்லக் கூடாது. பறவை பார்ப்பவர்களுக்கு அது எழுதாத சட்டம். கமருஸ்ஸமானுக்கும் தெரியும். ஆனால் கோபத்துக்குக் கண் ஏது? தரிசின் இடத்தை வரைபடத்தில் குறித்துக் குழுவிலேயே போட்டுவிட்டு, கூடவே தம் குரலையும் பதிந்து அனுப்பினார். "யாரு வேணாலும் வந்து பாருங்க. கையில புடிச்சிக் காட்டுனாதான் நம்புவீங்கன்னா, அதையும் ஒரு நாள் காட்டறேன்."

வாய்வீச்சுதான். ஓர் ஈயைக்கூட அவர் பிடித்ததில்லை. குழுவில் சிலர் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். அருள்முருகன் கைகூப்பும் படம் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டு எழுந்தபோது வாசலில் அருள்முருகன் நின்றார். கையில் ஈரச் சாக்கு. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பின்கட்டுக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் சாக்கை அவர் உதறினார். கால்கள் சேர்த்துக் கட்டிய உள்ளான்கள் கொத்தாக விழுந்தன. எல்லாவற்றின் மூக்கிலும் சேறு காய்ந்திருந்தது.

"உங்களுது எதுன்னு தெரியல பாய். எல்லாம் ஒரே மாரி கீது. அதான் அந்தத் தரிசுல இருந்தது அத்தனைக்கும் கண்ணி வச்சிட்டேன். இப்ப வாலப் பாத்துச் சொல்லுங்க, எவன் சிரிக்கறான்னு பாப்போம்."

"அடப்பாவி! இன்னா காரியம் பண்ண நீ?"

அருள்முருகனின் முகம் செத்துப்போனது. "நீங்கதான பாய் கையில புடிச்சிக் காட்டறேன்னீங்க? உங்களால முடியாதேன்னுதான் நான்…"

கமருஸ்ஸமான் கல்லருகே குந்தினார். வைது துரத்தப்போகிறார் என்றுதான் நிஷா நினைத்தாள். அவரோ ஒரு பறவையை எடுத்து வாலை விசிறியாக விரித்துப் பார்த்தார். ஊசி. அடுத்ததை எடுத்தார். ஊசி. அதற்கடுத்ததும் ஊசிதான். பார்த்ததை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்.

"இது உயிரோட இருக்குங்க" என்றாள் நிஷா. கொத்திலிருந்து ஒன்றை அவிழ்த்து உள்ளங்கையில் ஏந்தியிருந்தாள்.

அதன் வாலை விரித்தார். ஓரத்து இறகுகள் பட்டையாக இருந்தன.

அப்போது அவருக்கு வந்தது சந்தோஷம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, கல்யாணத்தன்றுகூட அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. "நான் சொன்னேன்ல! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று கத்தினார்.

"ரெண்டு காலும் ஒடஞ்சி தொங்குதுங்க. இனிமே இது நிக்காது. துடிக்குது பாருங்க, பிஸ்மி சொல்லி அறுத்துடுங்க."

"ஆமா பாய், அறுத்துடுங்க. மத்ததுங்க கண்ணியிலயே போயிடிச்சி. இதாவது வீணாப் போவாம இருக்கட்டும்" என்றார் அருள்முருகன். பிடித்த பறவை உயிரோடிருந்தால் பாய் கையால் அறுக்கக் கொண்டுவந்து கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"இரு நிஷா, ஒரே நிமிஷம்" என்று உள்ளே ஓடினார்.

கத்தியோடு வருவார் என்று பார்த்தாள். கேமராவோடு வந்தார்.

"என்னங்க, மொதல்ல கத்தி."

"வால விரிச்சிப் புடி. இப்படி இல்ல, வெளிச்சத்துக்குத் திருப்பு."

அவள் விரித்துப் பிடித்தாள். பறவை துடித்ததில் முதல் படம் கலங்கியது. சுவரோரமாக நகரச் சொன்னார். அருள்முருகனைக் கூப்பிட்டு நிழல் விழாமல் விலகி நிற்கச் சொன்னார். பறவை மூக்கைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. லென்ஸை மாற்றினார். மறுபடி எடுத்தார். இறகின் நரம்பு வரைக்கும் தெளிவாக விழுந்துவிட்டது என்று திரையில் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"கத்திய எடுத்துட்டு வா" என்றார்.

"இனிமே எதுக்கு?" என்றாள் நிஷா. பறவையின் தலை அவள் விரலிடுக்கில் சரிந்து கிடந்தது. அறுக்கும் முன்பே செத்ததால் உண்ணவும் ஆகாமல், பறக்கவும் ஆகாமல் அது போய்விட்டது. அவள் அழவில்லை. முருங்கை மரத்தடியில் மண்வெட்டியால் ஒரே குழியாகத் தோண்டி எல்லாவற்றையும் புதைத்தாள்.

சாயங்காலம் அவர் படத்தைக் குழுவுக்கு அனுப்பினார். அனுப்பாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். 'சந்தேகமே இல்லை, ஸ்வின்ஹோதான். பதிவை ஏற்கிறேன். ஆனால் பறவை எப்படிக் கைக்கு வந்தது?' என்று நிர்மலாதேவி கேட்டிருந்தார்.

'கண்ணியில் மாட்டியிருந்தது மேடம். அவிழ்த்து விட்டேன். பறந்துவிட்டது' என்று எழுதினார்.

குழு கொண்டாடித் தீர்த்தது. உயிரைக் காப்பாற்றிய மனுஷன் என்றார்கள். ஸ்வின்ஹோ பாய் என்று அதே பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அருள்முருகன் மட்டும் எதுவும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழு முழுக்கத் தரிசுக்கு வந்துவிட்டது. நிஷா வர மறுத்துவிட்டாள். கூட்டத்துக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி அருள்முருகன் நின்றார். ஆளாளுக்குக் கேமராவை நீட்டிக்கொண்டு வெறும் சேற்றைப் பார்த்தார்கள்.

"ஒரு உள்ளான்கூட இல்லையே பாய்? நெறைய இருந்துதுன்னீங்களே?" என்றார் நிர்மலாதேவி.

கமருஸ்ஸமான் திரும்பி அருள்முருகனைப் பார்த்தார். அவர் வாய் திறந்தால் எல்லாம் போச்சு.

"ராத்திரி மழையில வேற வயலுக்குப் போயிருக்கும் மேடம். வந்துடும்" என்றார் அருள்முருகன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் வரப்போரத்தில் அது கமருஸ்ஸமானின் கண்ணில் பட்டது. எடுக்க மறந்த கண்ணி ஒன்று, முளைக்குச்சியில் கட்டியபடி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நிர்மலாதேவி அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

"ஆமா மேடம், வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி நகர்ந்து, செருப்புக் காலை அதன் மேல் வைத்துச் சேற்றுக்குள் அழுத்தினார் கமருஸ்ஸமான்.