பென்சில் வைத்த முகம்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே கோதண்டபாணி நடத்திய போட்டோ ஸ்டுடியோவில் சவுரிராயன்தான் படம் எடுப்பான். எடுத்த படத்தில் முகத்தைத் திருத்துகிற டச்சிங்கும் அவனே செய்வான். வயது இருபத்து மூன்று. கை வேலை சுத்தம். மனசில்தான் சதா ஒரு குழப்பம்.

குழப்பத்துக்குக் காரணம் டவுன்தான் என்று அவன் நம்பினான். ஓமந்தூர்ப் பக்கத்தில் அம்மாவோடு இருந்தவரை பார்த்த முகமெல்லாம் தெரிந்த முகம். விழுப்புரத்தில் அப்படியா? நாலு திசையிலிருந்தும் ரயில் கொண்டுவந்து கொட்டுகிற ஜனம். காலையில் காப்பி கிளப்பில் தோளோடு தோள் இடித்தவனை மத்தியானம் பார்த்தால் அடையாளம் தெரியாது. படம் எடுத்துக்கொண்டவர்கள் மட்டுமே ஞாபகத்தில் தங்கினார்கள். அதுவும் ஆளாக இல்லை, கண்ணாடி நெகட்டிவ்வில் வெள்ளை கருப்பாகவும் கருப்பு வெள்ளையாகவும் மாறிப்போய்த் தங்கினார்கள். கருப்பு மீசைக்காரர் என்று ஒருவரைக் கடைத்தெருவில் தேடி, நரைத்த மீசையோடு எதிரே வந்தவரைக் கும்பிடாமல் போய், முதலாளியிடம் வசவு வாங்கியிருக்கிறான்.

1946 தை மாதத்தில் திண்டிவனத்திலிருந்து தேவசகாயம் என்ற ரயில்வே கேங்மேன் தன் மகள் ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணப் பேச்சுக்குப் படம் வேண்டும். சின்ன வயதில் அம்மை போட்டு, ஜெயத்தின் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் தழும்பு நின்றிருந்தது.

“தம்பி, மூஞ்சிய கொஞ்சம் வழவழன்னு பண்ணிக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலை போட வெளியே போனார். அந்த நேரம் பார்த்து, நாற்காலியில் அசையாமல் இருந்த ஜெயம் வாயைத் திறந்தாள்.

“ஏங்க, இந்தத் தழும்ப எடுத்துராதீங்க. நேர்ல வந்து பாக்குறப்ப தெரியத்தான போவுது.”

சவுரிராயன் தலையை ஆட்டினான். பொய்யாக ஆட்டவில்லை, ஒப்புக்கொண்டுதான் ஆட்டினான். ஆனால் கோதண்டபாணியிடம் சொன்னபோது, “கல்யாணம் பண்ணி வைக்கிறது அப்பனா, பொண்ணா? போய் வேலையப் பாருடா” என்று ஒரே அதட்டல். அதோடு அவனுடைய ஒப்புதல் முடிந்தது.

தழும்பு நெகட்டிவ்வில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். கூர் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை நிரப்பினால் அச்சிட்ட படத்தில் தழும்பு இருக்காது. மூன்று நாள் ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக நிரப்பினான். முதல் நாள் அது வேலை. மூன்றாவது நாள் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு படம் அச்சிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திருட்டு என்றே தோன்றவில்லை. அவன் செய்த முகம்தானே!

வைகாசியில் அவன் அம்மா சின்னபொண்ணு ஒரு படத்தோடு வந்து இறங்கினாள்.

“நம்ம மாதா கோயிலு உபதேசியாரு குடுத்தாருடா. திண்டிவனத்துப் பொண்ணாம். கன்னத்தப் பாரேன், எப்பிடி கீது!”

அதே படம். சவுரிராயனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற பிள்ளை உடனே சரி என்றதும் அம்மாவுக்கு ஆச்சரியம். அந்தப் படத்தை எடுத்ததே தான்தான் என்பதை அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகுதான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தழும்பு இருந்தது, சரி. எங்கே எங்கே இருந்தது? கண்ணை மூடினால் படம்தான் வந்தது. நெகட்டிவ்வைத் தேடி எடுத்து ஜன்னலுக்குச் சாய்த்துப் பார்த்தான். பென்சில் பட்ட இடமெல்லாம் மினுங்கியது. இடது கன்னத்தில் ஒன்பது, வலதில் பதினொன்று, நெற்றியில் நாலு. எண்ணி முடித்தும் அந்தப் புள்ளிகள் ஒரு முகமாகச் சேரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் பேசிய பேச்சு காதில் இருந்தது. அவள் முகம்தான் கண்ணில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாயும் மகனும் திண்டிவனம் போனார்கள். வாசலிலேயே தேவசகாயம் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

“அட, படம் புடிச்ச தம்பியா! அப்ப எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் வந்துகிறீங்க!” மனுஷர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீயாடா எடுத்தே?” என்று சின்னபொண்ணு மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான்.

ஜெயம் காப்பி கொண்டுவந்தாள். சின்னபொண்ணு அவள் முகத்தைப் பார்த்தாள், தம்ளருக்கு நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. சவுரிராயன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பையிலிருந்த படத்தை வெளியே எடுத்தான். படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே உள்ளதை லேசாகத் தொட்டால் போதும், மூக்கு ஓரத்து நிழலை விட்டுவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் டச்சிங் வேலை பார்க்கிறோமே என்று உறைத்ததும் வெட்கமாகப் போயிற்று. படத்தை மடியில் கவிழ்த்தான்.

ஜெயம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“உங்களுக்கு முந்தி மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் இதே மாதிரிதான், அத ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. நான்தான் அன்னைக்கே சொன்னனே?”

மூன்று பேர். மூன்று தடவை இந்தப் பெண்ணைக் கூடத்தில் நிற்கவைத்து அவமானப்படுத்தியது வந்தவர்கள் இல்லை, தன் பென்சில்தான் என்று சவுரிராயனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“பழச விடு, ஜெயம்” என்று தேவசகாயம் குறுக்கே வந்தார். “தம்பி சொல்லட்டும். பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?”

“புடிச்சிருக்குங்க.”

“யாரைங்க?” என்றாள் ஜெயம்.

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உன்னைத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் முடிந்த மாதிரி. தேவசகாயம் அந்த வார்த்தைக்காக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை தான் தலையை ஆட்டி ஏமாற்றிய பெண்ணை இன்னொரு தடவை ஏமாற்ற அவனுக்கு மனசு வரவில்லை.

“தெரியலைங்க” என்றான்.

சின்னபொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயம் அவனை நிதானமாகப் பார்த்தாள்.

“தெரிஞ்சிக்கினு வாங்க. அப்புறம் எனக்குப் புடிச்சிருக்குதா இல்லையான்னு நான் சொல்றேன்.”

தேவசகாயம் மகளை முறைத்தார். அதை அவளிடம் கேட்க வேண்டும் என்பது அந்த நிமிஷம் வரை சவுரிராயனுக்கும் தோன்றியிருக்கவில்லை.