மீட்டர் சொன்ன பொய்

அங்கமுத்துவின் விரலைப் பிதுக்கி ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை மீட்டரின் பட்டையில் தொட்டதுமே மங்களம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எண் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வந்த எண்ணும் அவள் பக்கமே பேசியது. பதினாறு. பத்தைத் தாண்டக் கூடாது.

"பாத்தியா குமாரி? இன்னைக்கும் தின்னுருக்காரு உங்கப்பா."

அங்கமுத்து மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நுரையீரல் இரண்டும் கைவிட்டு, இன்றோ நாளையோ என்ற நிலை. இனி விரலில் குத்த வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி ஹம்னா எத்தனையோ முறை சொல்லியாயிற்று. மங்களம் கேட்கிற ஆளா? கழிவறைக்கே இரண்டு பேர் பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய மனிதர் எங்கே போய்த் தின்பார் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ரபியா. முன்பு ஒருமுறை ரபியா கொடுத்த குவே என்ற இனிப்புப் பலகாரத்தை அவர் ஒளித்துத் தின்று கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார். அந்த ஒன்றை வைத்தே மங்களம் எல்லாப் பழியையும் ரபியா கணக்கில் எழுதிவிட்டாள். சிங்கப்பூர் தோ பாயோவில் இந்த மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்த இருவரும் இப்போது எதிரெதிரே வந்தால் ஒன்றாக ஏறாமல் லிஃப்டைத் தவறவிட்டார்கள். ரபியா வருவதை நிறுத்திய பிறகும் எண் ஏறத்தான் செய்தது. தான் குளிக்கப் போகும் நேரத்தில் அவள் வந்து போகிறாள் என்றாள் மங்களம்.

அங்கமுத்து மகளைக் கையசைத்து அருகில் கூப்பிட்டார். சாங்கி விமான நிலையத்தில் காலமெல்லாம் விமானச் சரக்கு ஏற்றி இறக்கியவர். ஒரு பெட்டியில்கூடக் கை வைத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

"போறது போறதுதான் குமாரி. திருட்டுப் பேரோட அனுப்பாதம்மா."

வசந்தகுமாரி கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஜில்லென்று இருந்தது. நுனி நீலம் பாய்ந்திருந்தது. இத்தனை நாளும் அந்த விரலை மகளாகவே பார்த்து அழுதிருந்தாள். குவீன்ஸ்டவுனில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற ஆய்வுக்கூடத்துக்காரியாக இப்போதுதான் பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாவை உட்காரவைத்து விளக்கினாள். பட்டையில் ஒரு நொதி இருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று மின்சாரத்தைக் கக்குகிறது. மீட்டர் அதை எண்ணிக் கணக்குச் சொல்கிறது. ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன் அதில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும் என்று தெரிந்துதான் மீட்டருக்குக் கணக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குழாய் வைத்தும் அப்பாவின் ரத்தத்தில் பிடுங்குவதற்கு ஆக்ஸிஜன் ஏது? எல்லாம் மீட்டருக்கே போகிறது. அதனால் அது கூட்டிச் சொல்கிறது.

மங்களம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெஷின் பொய் சொல்லுமா என்றாள். பெற்ற மகளைவிடக் கடையில் வாங்கிய மீட்டரில் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

அன்று மதியம் வந்த ஹம்னா, அங்கமுத்துவின் சம்மதம் கேட்டுக் கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கொடுத்தாள். வசந்தகுமாரி அதோடு ஆய்வுக்கூடத்துக்கு டாக்சி பிடித்தாள். அப்பா இருக்கும்போதே பதில் வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்துக் கருவி வேறு ஜாதி. நொதி கலந்த கரைசலில் முதலிலேயே ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும். அதில் ஒரு துளி ரத்தம் விட்டால், நொதி சர்க்கரையைத் தின்னத் தின்ன ஆக்ஸிஜன் குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று ஒரு மின்முனை கவனித்துச் சொல்லும். நோயாளி மூச்சுக்குத் திணறினாலும் அங்கே ஆக்ஸிஜனுக்குப் பஞ்சமில்லை. திரையில் ஏழு என்று வந்தது. நம்பாமல் மறுபடியும் போட்டாள். ஏழுதான். பக்கத்து மேசைக் கதிரேசன் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டாள்.

போனை அம்மா எடுத்தாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"ஸ்பீக்கர்ல போடு. கதவையும் திற."

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்ட பிறகே வசந்தகுமாரி வாயைத் திறந்தாள். ஏழு என்றாள். காரிடார் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள். பிறகு அம்மாவின் செருப்புச் சத்தம் வெளியே போனது. பக்கத்து வீட்டு கேட் திறந்தது. இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் அழுதார்கள். அதற்கும் மேலே, இருமலுக்கு நடுவே, அப்பா சிரித்தார்.

"ஜெயிச்சுட்டேன் லா."

அவள் வீடு திரும்பியபோது ரபியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்ன வேண்டும் என்று மங்களம் கணவரைக் கேட்டாள். தே ஓ கோசோங் என்றார். வெறும் தேநீர், பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். இத்தனை நாள் குற்றவாளியாக இருந்தவருக்கு வீம்பு போகவில்லை.

மங்களம் ஆற்றிக் கொண்டுவந்து ஸ்பூனால் புகட்டினாள். அவர் அதை வாயில் வைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"இனிக்குதே."

"நான்தான் போட்டேன். குடிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான். அவர் கடைசி ஸ்பூன்வரை குடித்தார். விளக்கேற்றும் நேரத்தில் மூச்சு நின்றது.

மறுநாள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். சாங்கியில் கூட வேலை பார்த்த வேலாயுதம் வந்து, எப்படிம்மா ஆச்சு என்று மெதுவாகக் கேட்டார். வசந்தகுமாரி பதில் சொல்லுமுன் மங்களம் முந்திக்கொண்டாள்.

"அவரு ஒண்ணும் தின்னல. லேப்லயே பாத்தாச்சு."

ஒன்றும் புரியாவிட்டாலும் வேலாயுதம் மரியாதையாகத் தலையாட்டினார். காலையிலிருந்து வந்த எல்லாருக்கும் இதே பதில்தான். ரபியா தன் முந்தானையால் மங்களத்தின் முகத்தைத் துடைத்துவிட்டாள். லிஃப்டிலிருந்து யாரோ நாலு பேர் இறங்கி இவர்களைப் பார்த்து வந்தார்கள். மங்களம் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.