வெட்டிய நாற்பத்திரண்டு விநாடிகள்

மார்ச் 4, திங்கள்

ஒரு தவறு. வகுப்பின் பொது இணையப் பக்கத்தில் நேற்று ஏற்றிய என் பயிற்சிப் படத்தில், நான்காம் நிமிடத்தில் "மூன்றாம் எண் பந்து" என்று எழுத்து ஓடுகிறது. அது ஐந்து. மூன்று சிவப்பு, ஐந்து ஆரஞ்சு. முப்பத்தொரு வருடப் பழைய வீடியோ நாடாவில் இரண்டும் செங்கல் நிறமாகத்தான் தெரிகின்றன. இதைச் சாக்காகச் சொல்ல முடியாது. படத்தை நிறுத்திப் பந்தின் மேலிருக்கும் எண்ணைப் பார்த்திருக்கலாம். கண்ணாடிக் கடையில் ஊர்ப்பட்ட கண்களுக்கு லென்ஸ் பொருத்துகிறவள் நான்.

வாரத்தில் மூன்று மாலை படத்தொகுப்பு வகுப்பு. வீட்டில் கிடக்கும் பழைய பதிவு ஒன்றை எடுத்து, முன்பின் தெரியாதவருக்கும் புரியும்படி பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்க வேண்டும் என்பது இந்த மாதப் பயிற்சி. மற்றவர்கள் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா என்று எடுத்தார்கள். நான் பெரியம்மாவின் பூல் ஆட்டத்தை எடுத்தேன், மேசையில் கோலால் பந்துகளைக் குழிகளில் தள்ளும் ஆட்டம்.

பெரியம்மா இப்போது பஸ் டிப்போவில் ஓட்டுநர்களுக்கு வேலைப் பட்டியல் போடுகிறார். முன்பு பூல் ஆடியே பிழைத்தவர். வட்டாரத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். அன்று எதிரே ஆடிய பெண்ணுக்கு 'நெட்டை' என்று பெயர். பெரியப்பா டிவியிலிருந்து நேராக நாடாவில் பிடித்தது இது. விளம்பரம் வந்தால் நிறுத்துவார், சில சமயம் மறுபடி போட மறந்துவிடுவார். பல இடங்களில் ஒலியே இல்லை, வெறும் இரைச்சல்.

ஆனால் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. மேசைக்கு மேல் மூன்று விளக்குகள். வெளிச்சத்துக்குக் கீழே சிகரெட் புகை ஒரு தட்டுப் போல நிற்கிறது. புள்ளிப் பலகையை ஒரு பெண் கையால் புரட்டுகிறார். பெரியம்மா மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்பு அரைக்கோட்டும் அணிந்திருக்கிறார். கோலின் நுனியில் சாக்பீஸ் தேய்ப்பதில்கூட அவசரமில்லை. திரை மூலையில் எங்கும் விநாடிக் கடிகாரம் ஓடவில்லை. அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த அறையை விட்டு எழுந்து வந்தவள் போல இருக்கிறது.

அந்தப் போட்டியின் எட்டாவது ஆட்டத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒன்பது பந்து ஆட்டத்தில், மேசையில் இருப்பதிலேயே சிறிய எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். பெரியம்மாவின் முறை வந்தபோது அந்தப் பந்து மற்றவற்றின் பின்னால் ஒளிந்திருக்கிறது. அவர் வெள்ளைப் பந்தை மெல்லத் தள்ளுகிறார். அது எதையும் தொடாமல் ஓரத்தில் போய் நிற்கிறது. அடுத்ததும் அவரே ஆடுகிறார், மேசையைக் காலி செய்து ஜெயிக்கிறார். விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன், அறுபத்தொரு பக்கம். அதன்படி இது ஃபவுல். எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஆகவே இப்படி எழுத்து போட்டேன்: "இது ஃபவுல். நடுவர் கவனிக்கவில்லை. ஆடியவரே மறுபடி ஆடுகிறார்."

ஆசிரியர் "கூர்மையான பார்வை" என்று எழுதியிருக்கிறார். ஐந்தாம் பந்தை மட்டும் திருத்த வேண்டும்.

மார்ச் 6, புதன்

ஐந்தாம் பந்து ஒரு பொருட்டே இல்லை.

வகுப்பில் படத்தைப் போட்டபோது எட்டாவது ஆட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து இருக்கை பேக்கரிக்காரர், "உங்க பெரியம்மா பலே ஆளுங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா செருப்பு விடும் இடத்திலேயே நின்றிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூல் மன்றத்தில் பெண்களுக்கான போட்டி, அதற்குப் பெரியம்மாதான் நடுவர். மன்றச் செயலாளர் மதியம் அவரைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். ஆட வரும் பெண்களில் இரண்டு பேர் என் படத்தைப் பார்த்துவிட்டு, தன் முறை இல்லாமல் மறுபடி ஆடியவர் எப்படி நடுவராக நிற்கலாம் என்று கேட்டார்களாம். இந்த ஒரு தடவை ஒதுங்கிக்கொள்ள முடியுமா என்று செயலாளர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். பெரியம்மா "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"ஏன்டி, எழுதறதுக்கு முன்னால அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவ?" என்றாள் அம்மா. அதோடு சமையலறைக்குப் போய்விட்டாள்.

படத்தை உடனே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நான் படித்த விதிப் புத்தகம் போன வருடத்துப் பதிப்பு. ஆட்டமோ முப்பத்தொரு வருடம் முன்னால் நடந்தது. மூன்று முறை படித்தவளுக்கு அட்டையில் இருந்த வருடம் கண்ணில் படவில்லை.

அந்தப் போட்டியின் பழைய விதித்தாளை ஒரு ரசிகர் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார். அதில் தெளிவாக இருக்கிறது. அன்று எந்தக் கட்டத்திலும் ஓர் ஆட்டக்காரர் நடுவரிடம் சொல்லிவிட்டு வெள்ளைப் பந்தை எங்கே வேண்டுமானாலும் தள்ளி வைக்கலாம், எந்தப் பந்தையும் தொட வேண்டியதில்லை. அங்கிருந்து ஆடுவதா, தள்ளியவரையே ஆடச் சொல்வதா என்பது எதிராளியின் விருப்பம். இன்று இது ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் அடிக்கு அடுத்த அடியில் மட்டும்தான் செல்லும். அதற்குப் பிறகு தள்ளினால் ஃபவுல்தான்.

பிறகு என் குறிப்பேட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "41:10 முதல் 41:52 வரை. ஒன்றும் நடக்கவில்லை. வெட்டு."

எதிராளி யோசித்த நேரத்தைத்தான் வெட்டியிருக்கிறேன்.

மார்ச் 7, வியாழன்

கடையில் அரை நாள் விடுப்பு. பெரியம்மாவின் டிப்போ வேலை இரண்டு மணிக்கு முடியும். மடிக்கணினியில் முழுப் பதிவையும் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குப் போனேன்.

"வாங்க டைரக்டர் மேடம்" என்று பெரியம்மா கதவைத் திறந்தார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

மன்னிப்புக் கேட்க வேண்டியதை நேற்றே வரிசையாக எழுதி வைத்திருந்தேன். குறிப்பேட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிப்பை நோட்டில் எழுதிப் படிக்கிற ஒரே ஆள் நான்தான் என்றார். பெரியம்மா கையை நீட்டிக் குறிப்பேட்டை மூடினார். படத்தை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"எடுத்துட்டியா? அப்போ நிஜம்னுதான் நினைச்சுப்பாங்க" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய விதித்தாளைக் காட்டினேன். அதைப் பார்க்காமலேயே தலையாட்டினார். அந்தக் காலத்தில் எல்லோரும் தள்ளுவார்கள், ஆட்டத்தில் பாதி அதில்தான் இருந்தது என்றார். ஓர் இடத்தில் பந்தை வைத்து எதிராளியைக் கேட்பது அது. இங்கிருந்து உன்னால் முடியுமா, முடியாதென்றால் நான் ஆடுகிறேன். ரொம்பச் சுலபமாக வைத்தால் அவள் ஆடிவிடுவாள், ரொம்பக் கஷ்டமாக வைத்தால் நம் தலையிலேயே கட்டிவிடுவாள். தன்னால் முடியும், அவளால் முடியாது என்கிற அந்த மயிரிழை இடத்தில் வைக்க வேண்டும். இப்போது ஆடுகிற பெண்கள் தன்னைவிட நன்றாகவே ஆடுகிறார்கள் என்றும் சொன்னார். வெள்ளைப் பந்து கையில் கிடைத்தால் முடிந்தது கதை, மளமளவென்று காலி செய்துவிடுவார்கள். பல போட்டிகளில் ஓர் அடிக்கு இத்தனை விநாடி என்று கடிகாரம் வேறு வைத்துவிட்டார்கள் என்று பெரியப்பா சேர்த்துக்கொண்டார். உன் பெரியம்மாவுக்குக் கடிகாரம் வைத்திருந்தால் சாக்பீஸ் தேய்த்து முடிப்பதற்குள் மணி அடித்திருக்கும் என்றார்.

அப்படியென்றால் செயலாளரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

பெரியம்மா மேசை விரிப்பை நீவினார். "தள்றேன்னு நடுவர்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும். சொன்னேனா இல்லையான்னு எனக்கே இப்போ நிச்சயமா தெரியல" என்றார். "எனக்குச் சத்தமே வராது. சொல்லாம தள்ளியிருந்தா அது ஃபவுல்தான். அப்புறம் நான் ஆடினது திருட்டாட்டம்தானே. அதான் சரின்னு வச்சுட்டேன்."

பெரியப்பா சிரிக்கவில்லை. இது அவருக்கும் புதிது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த நாடாவைப் பெரியம்மா ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அந்தப் போட்டியில் கடைசியில் தோற்றார், அதனால்தான் பார்ப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மடிக்கணினியைத் திறந்து, போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றால் மூடிவிட நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

41:10. வெள்ளைப் பந்து ஓரத்தில் போய் நிற்கிறது. அதற்கு முன் பெரியம்மா நடுவர் பக்கம் முகத்தைத் திருப்பினாரா என்று பின்னால் ஓட்டிப் பார்த்தோம். அந்த இடத்தில் கேமரா பார்வையாளர்களிடம் போய்விடுகிறது. ஒருவர் சிகரெட்டுக்கு நெருப்புத் தேடுகிறார், ஓர் அம்மாள் கைப்பையைத் திறந்து மூடுகிறார். அது முடிந்து மேசைக்கு வரும்போது பெரியம்மா ஏற்கெனவே குனிந்திருக்கிறார். ஒலியும் வெறும் இரைச்சல்தான், உதடு அசைந்ததா என்பது எங்கும் இல்லை.

"போச்சு" என்றார் பெரியம்மா. எழுந்திருக்கப் போனார். தொடர்ந்து ஓடட்டும் என்று நான் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

41:17. நெட்டை நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறார். பந்தைக் கையில் எடுக்கவில்லை, கோலை ஓங்கவும் இல்லை. மேசையைச் சுற்றி நடக்கிறார். 41:25. வெள்ளைப் பந்தின் பின்னால் போய்க் குனிந்து பார்க்கிறார். நிமிர்கிறார். எதிர்ப்பக்கம் போய் அங்கிருந்து மறுபடி குனிகிறார். சாக்பீஸ் தேய்க்கிறார். 41:38. குறிபார்த்துக் கோலை வைக்கிறார், எடுத்துவிடுகிறார். நடுவர் கையைக் கட்டிக்கொண்டு அவருக்காகக் காத்து நிற்கிறார். 41:49. நெட்டை பெரியம்மாவின் நாற்காலி பக்கம் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார். போய் உட்கார்ந்துகொள்கிறார்.

நான் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போதுதான் உறைத்தது. சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னேன். நீங்கள் நடுவரிடம் சொல்லாமல் தள்ளியிருந்தால் நெட்டை எதற்காக இத்தனை நேரம் யோசிக்க வேண்டும்? ஆட்டம் தானாகவே அவர் கைக்குப் போயிருக்கும். உங்களிடம் திருப்பிக் கொடுக்க அவருக்கு என்ன அவசியம்? கேள்வி காதில் விழாதவர் பதிலை யோசித்திருக்க மாட்டார். நடுவரும் அவர் பதிலுக்காகத்தான் நின்றிருக்கிறார்.

பெரியப்பா மேசையைத் தட்டினார். பெரியம்மா இன்னொரு தடவை போடு என்றார். நான்கு தடவை போட்டேன். ஆட்டத்தின்போது அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். நெட்டை அலட்சியமாகக் கையைக் காட்டியது மட்டும்தான் நினைவில் இருந்ததாம், உன்னாலும் முடியாது போ என்பது போல.

"அவ பயந்திருக்கா" என்றார். திரையைக் காட்டி, "நெட்டை. என்னைப் பார்த்து" என்றார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

நான் புதிதாக நான்கு வரி எழுத்து தயாரித்திருந்தேன்: "அக்காலத்தில் நடைமுறையில் இருந்த விதிகளின்படி இது முற்றிலும் முறையானதே" என்று தொடங்கும். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று பெரியம்மா அடித்துவிட்டார். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒன்றாக்கினோம்: "அந்நாளில் வெள்ளைப் பந்தைத் தள்ளி வைத்து எதிராளியைக் கேட்கலாம்: நீ ஆடுகிறாயா, நானே ஆடட்டுமா? இவர் யோசிக்கிறார்." அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு விநாடியும் எழுத்தில்லாமல், இசையில்லாமல் அப்படியே ஓடும். படம் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடும், மதிப்பெண் குறையும். குறையட்டும்.

உதடு தெரியாத படம் செயலாளருக்குப் போதுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. நெட்டை எங்கே இருக்கிறார் என்று விசாரித்து ஒரு வார்த்தை வாங்கலாமே என்றேன். பெரியம்மா வேண்டாம் என்றார். "அவ சொல்ல வேண்டியதை அதுலயே சொல்லிட்டா."

மன்றத்துக்கு நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன்.

"நான் திருடி இல்லன்னு நானே போய்ச் சொல்லிட்டு நிக்கணுமா? பழி நீ போட்டது, நீயே எடு" என்றார். நான் செருப்பு மாட்டும்போது, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்காக டிப்போ பட்டியலில் தன் பெயருக்கு நேரே விடுமுறை என்று போட்டிருந்ததை இன்னும் மாற்றவில்லை என்று, பெரியப்பாவிடம் சொல்வது போலச் சொன்னார்.

நாளை வெள்ளி: காலை எட்டரைக்கு, கடைக்குப் போகும் முன், மன்றச் செயலாளரிடம் பழைய விதித்தாளையும் வெட்டாத நாற்பத்திரண்டு விநாடிகளையும் காட்ட வேண்டும். தவறாக எழுதியது நான்தான் என்று அவரிடமும் அந்த இரண்டு பெண்களிடமும் நேரில் சொல்ல வேண்டும்.