கை காட்டுகிற ஆள்

விடிந்தும் விடியாத நேரத்தில் மீன் நிறைந்த இழுவலை மடியைக் கடலிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தோம். விஞ்ச் உருளை சுற்றச் சுற்ற வலையின் இரும்புக் கயிறு தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஏறியது. உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு இறங்கி எரிந்தது. எரிச்சலைப் பார்த்தால் வேலை ஆகுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

விசைப்படகில் புது எஞ்சின் வைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு சக்தி. சத்தமும் அப்படித்தான், பக்கத்தில் நிற்பவன் பேசினால் வாய் அசைவது மட்டும் தெரியும். இனி ஏழு பேர் போதும் என்று முதலாளி தமிழ்மாறன் தங்கையனைக் கரையில் இறக்கிவிட்டார். நடுவில் நின்று விஞ்சைப் பார்த்து டிரைவருக்குக் கை காட்டுவதுதான் தங்கையன் வேலை. "சும்மா நிக்கிறவனுக்கு என்னய்யா கூலி?" என்றார் முதலாளி. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கயிறு ஒரு பக்கமாய் ஏறிச் சிக்கிக்கொண்டது. பழைய எஞ்சினில் ஒரு குரல் கொடுத்தால் போதும், தங்கையன் கையைத் தூக்குவான், விஞ்ச் நிற்கும். இருபது வருடப் பழக்கத்தில், என் பக்கத்தில் நின்ற வேம்பு "நிறுத்து!" என்று கத்திக்கொண்டே கயிற்றைத் தள்ளக் கையை நீட்டிவிட்டான். சுக்கான் அறையில் இருந்த டிரைவர் பிரபுவுக்கு எதுவும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் அவன் தோளை உலுக்குவதற்குள் வேம்புவின் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

மூன்றாம் நாள் காலை, ஐஸ் ஏற்றி டீசல் நிரப்பிப் படகு தயாராக நின்றபோது முதலாளி ஒரு தாளோடு வந்தார்.

"வேம்பு குடிச்சிட்டு விஞ்சுல கைய வச்சான்னு எழுதியிருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு ஏறுங்க."

"அவன் குடிக்கவே மாட்டானே முதலாளி," என்றான் படகில் நின்ற பிரபு.

"நிறுத்தாதவன் நீதானே? கையெழுத்துப் போடலன்னா கேசு உன் மேலதான். யோசிச்சுக்க."

பிரபுவின் முகம் செத்துப்போனது. அந்தத் தாளில் எங்கள் கையெழுத்து விழுந்தால் வேம்புவுக்கு நஷ்டஈடு கிடையாது. நன்னிலத்தில் அறுவடை மெஷின் இறங்கி வயல் வேலை போனதால் கடலுக்கு வந்தவன் அவன். விரலில்லாத கையோடு இனி எங்கே போவான்?

நான் முன்னால் போனேன். "தங்கையன் நின்னிருந்தா வெரலு போயிருக்காது. அத எழுதுங்க, போடுறோம்."

"எஞ்சின் மாறுனா ஆள் கொறையத்தான்டா செய்யும். நீராவிப் படகுல கரி அள்ளிப்போட ஆள் இருந்தான். டீசல் வந்துச்சு, போனான். ஒலகம் நின்னுடுச்சா?"

"எங்க போனான்னு யாராவது கேட்டீங்களா?"

முதலாளி போனை எடுத்தார். "தங்கையன் வேலையில்லாம கெடக்கான். கூப்பிட்டா ஆளுங்களோட ஓடி வருவான்."

பிரபு படகிலிருந்து இறங்கி எங்களோடு நின்றான். "எனக்குக் கேக்கல, நிறுத்தல. அத எங்க வேணாலும் சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்."

அரை மணி நேரத்தில் தங்கையன் வந்தான். பின்னால் ஐந்து பேர். அவன் ஏறினால் எந்த முகத்தோடு தடுப்பது?

"கயித்த அவுத்து விடுடா," என்றார் முதலாளி.

தங்கையன் எங்களைப் பார்த்தான். "அன்னிக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கலையே," என்றான். தலை குனிந்தோம்.

படகு கட்டியிருந்த கட்டையருகே போய்க் குனிந்தான். அவிழ்க்கவில்லை. மிச்சமிருந்த கயிற்றை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான். அதன் மேலேயே உட்கார்ந்தான். "வேம்புவுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் படகு போகட்டும்."

கூட வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். முதலாளி போலீசுக்குப் போன் போட்டார்.

நான் தங்கையனிடம் போனேன். அவன் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.