விரிகுடாவை நகர்த்துங்கள்

மறுபடியும் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு லெனின்கிராத் பதிப்பகத்தின் மாடியேறிய நாவலாசிரியர் வெனியமின் லுக்கிச்சுக்குக் கோட்டைக் கழற்றவும் தெம்பில்லை. பதிப்பாசிரியை ரிம்மா ஒசிப்போவ்னா அவரைக் கண்டதுமே தலையை ஆட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் நகர்த்தணுமாம், வெனியமின் லுக்கிச்.”

“கதையில வர்ற விரிகுடாவையா? ஏற்கெனவே கிழக்கே தள்ளிட்டேனேம்மா!”

“அங்கயும் ஆகாதாம்.”

“அப்படி என்னதான் இருக்கு அங்க?”

“சொல்லிட்டா அப்புறம் அது ரகசியமா? தணிக்கைக்காரர் எங்கிட்டயே சொல்லல. நகர்த்திக்கிட்டே வரட்டும், சரியான இடம் வந்தா நிறுத்தச் சொல்றேங்கிறார்.”

“பீரோ தள்ளுற ஆளுன்னு நினைச்சாரா என்னை?”

“மெதுவாப் பேசுங்க. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கார்.”

வாழ்நாளெல்லாம் கடல் சாகசக் கதைகள் எழுதியவர். இல்லாத தீவுகளை இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டவர். இந்த விரிகுடா மட்டும் நிஜம். போருக்கு முன் அவர் போன ஆய்வுக்கப்பலிலிருந்து ஜகார் தவறி விழுந்து மூழ்கியது வடதுருவக் கடலோரத்து அந்த விரிகுடாவில்தான். ஜகார் அவர் மனைவி தயீசியாவின் தம்பி. உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. புத்தகத்திலாவது அவனுக்கு அந்த இடத்தைக் கொடு என்று அவள் கேட்டாள். அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

ரிம்மாவின் மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்து திருத்தினார். விரிகுடா தெற்கே தெற்கே நகர்ந்து காஸ்பியன் கடலின் மணற்கரைக்கு வந்து சேர்ந்தது. பனிக்கரடி நின்ற இடத்தில் ஓர் ஒட்டகம் நின்றது. பக்கத்து அறைக்குப் போன ரிம்மா சிரித்த முகத்துடன் திரும்பினாள்.

“நிறுத்தச் சொல்லிட்டார்!”

வீட்டில், பலகுடும்பத்துப் பொதுச் சமையலறையில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த தயீசியா, ஒரு கையால் தாள்களை வாங்கிப் படித்தாள்.

“ஒட்டகமா?”

“அந்த வெயில்ல கரடி எப்படி நிக்கும், தாஸ்யா?”

“ஜகார் மட்டும் நிப்பானா? ஜூன் மாசம் வந்தாலே வேகுது வேகுதுன்னு உயிரை வாங்குவான். அவனைக் கொண்டுபோய் மணல்லயா போட்டே, வேன்யா?”

“அவங்களோட மல்லுக்கட்ட முடியல. ஓஞ்சு போயிட்டேன்.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“அப்ப அவனைக் கொல்லாத.”

“என்ன சொல்றே?”

“அவன் இடத்துல அவனைப் படுக்க விடலன்னா, எங்கயும் படுக்க வேணாம். கப்பல்லயே போகட்டும்.”

“அப்ப விரிகுடாவே கதையில இருக்காதே.”

“அவங்களே வச்சுக்கட்டும்.”

மேஜையைத் துடைத்து அவர் உட்கார்ந்தார். காஸ்பியனைக் கோடு போட்டு அடித்தார், ஒட்டகத்தையும் அடித்தார். கப்பலை நடுக்கடலில் நிறுத்தினார். நாவல் நாவலாக எத்தனையோ பேரை மூழ்கடித்தபோது நோகாத கை, ஒருவனுக்குக் கயிறு வீசி மேலே இழுக்கும்போது வலித்தது. ஜகார் மேல்தளத்தில் வந்து விழுந்தான். உப்புத் தண்ணீரைக் கக்கினான். தொப்பி போய்விட்டதென்று எல்லோரையும் ஏசினான்.

“என்ன பண்றான்?” தட்டை வைத்தபடி கேட்டாள் தயீசியா.

“ஏசுறான்.”

“யாரை?”

“எல்லாரையும்தான்.”

“அப்ப அவனேதான்,” என்று கஞ்சியைப் பரிமாறினாள்.