குதிரைக்கு ஒரு படுக்கை

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று ரத்தினத்துக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சொன்னவரைப் பிடித்துக் கேட்டால், அவரும் யாரோ சொன்னதாகத்தான் சொல்வார். அதை அப்படியே நம்பி, கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடவென்று வாங்கிய வெள்ளைக் குதிரையை, பழைய தங்கச் சுரங்கப் பகுதியான ஸ்கெலட்டனில் தன் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட ஷெட்டில் கட்டினான். பவுனு என்று ஆசையாகப் பெயர் வைத்தவன், தரையில் ஒரு சாக்குகூட விரிக்கவில்லை.

கொஞ்ச நாளிலேயே பவுனுக்குத் தலை தொங்கியது. நின்றபடியே முன்னங்கால் மடிந்து சரியும். விழுவதற்குள் திடுக்கிட்டு நிமிரும். முட்டி இரண்டும் சிராய்த்துக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் முதல் கல்யாணம். மேலே மாப்பிள்ளை இருக்கும்போது சரிந்தால்? விற்றவனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ரத்தினம் யோசிப்பான். காலையில் அது அவன் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டதும் அந்த யோசனை ஓடிப்போகும்.

கால்நடை டாக்டர் ராதிகா வந்து பார்த்தார். "நோய் ஒண்ணும் இல்லைங்க. தூக்கந்தான் இல்ல. இது படுக்கிறதே இல்லை."

"குதிரை நின்னுக்கினே தூங்குமே டாக்டர்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ரத்தினத்தின் மனைவி தாரா முந்திக்கொண்டாள். பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவள் அவள். "திரும்பி வர ட்ரெயின்ல நானுந்தான் நின்னுக்கினே தூங்குறேன். அது இன்னா தூக்கமாய்யா? பங்காரப்பேட்டை வரதுக்குள்ள எத்தினி வாட்டி முட்டி மடங்குது தெரியுமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதாம்மா. நின்னா கண்ணு அசரும், அவ்வளவுதான். நல்லாத் தூங்கணும்னா படுத்தாகணும். படுக்கத் தோணற மாதிரி தரையை மாத்துங்க."

ரத்தினம் வைக்கோல் பரப்பினான். பவுனு படுக்கையைத் தின்றுவிட்டு வெறும் தரையில் நின்றது. மரத்தூள் கொட்டினான். தும்மலும் இருமலுமாக ஷெட்டே அதிர்ந்தது. கடைசியில் தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த ஊரோரத்து சயனைடு மேட்டிலிருந்து ஒரு மூட்டை மணல் அள்ளி வந்தான். மாவு மாதிரி மெத்தென்று இருந்தது, கேட்பாரும் இல்லை.

வேலை முடிந்து வந்த தாரா மூட்டையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"எங்கப்பா மைன்ஸ் தூசிய முழுங்கித்தான் மூச்சு முட்டி செத்தாரு. அதே மைன்ஸ் மண்ண, அதுவும் வெசம் கலந்தத, இது மூக்குக்குக் கீழ கொட்டுவியா? மனுசனுக்கு ஆவாதது வாயில்லாத ஜீவனுக்கு ஆவுமா?"

ரத்தினம் வெட்கத்தில் கூனிப்போனான். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று! மூட்டையைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோய் எறிந்தான்.

தாராவுக்குக் கணக்கு எளிது. குதிரை தின்னக் கூடாது, தூசி பறக்கக் கூடாது. மறுநாள் லீவு போட்டுவிட்டு டேவிட் ஆசாரியின் பட்டறைக்குப் போனாள். பேக்கிங் பெட்டிப் பலகையை இழைக்கும்போது சுருள் சுருளாக விழுகிற சீவலைக் கேட்டாள். "பிளைவுட்டு மட்டும் கலந்துடாதீங்கண்ணா, அதுல பசை கீது." வாங்கி வந்த சீவலைப் பழைய கொசுவலையில் கொட்டி, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, தூள் போகும்வரை உதறினாள். ஷெட்டில் பரப்பினாள். பிறகு அதன்மேல் தானே படுத்துப் புரண்டாள். முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். முட்டி போட்டு எழுந்தாள்.

பக்கத்து வீட்டு பாக்கியவதி சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி தாரா, ஊட்ல உன்ன தொரத்திட்டானா?"

"எழுந்துக்கச்சொல்ல முட்டி இடிக்குதுக்கா. இன்னும் ரெண்டு பங்கு போடணும்."

ரத்தினம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கென்று ஒரு தலையணையைக்கூட இவள் அழுத்திப் பார்த்து வாங்கியதில்லை. இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அவனுக்குத் தோன்றியது. சொன்னால் கிண்டல் செய்வாள் என்று சொல்லாமல், இன்னும் சீவல் அள்ளிவர ஓடினான்.

அப்படியும் பவுனு படுக்கவில்லை. முகர்ந்தது, காலால் கிளறியது, நின்றது. சனிக்கிழமையும் நின்றது.

ஞாயிறு மதியம் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போன ரத்தினத்துக்கு உயிரே போய்விட்டது. பவுனு நாலு காலையும் நீட்டி, ஒருக்களித்துக் கிடந்தது. அலறப்போனவனை, வாசலில் உட்கார்ந்திருந்த தாரா வாயில் விரல் வைத்து அடக்கினாள்.

"உஸ்ஸ். கொறட்டை வுடுது, கேளு."

கேட்டது. ரத்தினத்துக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. கல்யாணப் பெண்ணின் அப்பா. "மாப்பிள ரெடியா கீறாரு. குதிரை எங்கப்பா?"

தாரா அவனையே பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றான் ரத்தினம், ரகசியக் குரலில். "நம்ம ஃப்ரெண்டு டென்சிலோட ஓப்பன் ஜீப்புல பூ கட்டி இப்பவே அனுப்பறேன். காசு வாணாம். குதிரை தூங்குது."

அந்தப் பக்கம் தமிழில் ஆரம்பித்த வசவு கன்னடத்துக்குத் தாவியது. ரத்தினம் டென்சிலுக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிட்டு, சேணத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்து, தாராவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.